கட்டுரைப் போட்டி வைப்போம், நம்மை எதிர்த்தும் எழுதட்டும்

நம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் வணிகர் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பிதழை எடுத்துப் பார்த்தாலும் ஒரு நிகழ்ச்சி தவறாமல் இருக்கும். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் கூடுதல் மதிப்பெண் பெற்ற வணிகர் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு. பெயர் வாசிப்பார்கள், பிள்ளை மேடையேறும், தலைவர் கையால் ஒரு கேடயமோ, எவர்சில்வர் பாத்திரமோ, உறையில் போட்ட ரொக்கமோ கிடைக்கும், போட்டோ எடுப்பார்கள். நல்ல காரியம்தான். அதை நிறுத்தச் சொல்லி நாம் எழுதவில்லை. ஆனால் மேடையேறிய அந்தப் பிள்ளையிடம், "உங்கள் கடையில் துவரம் பருப்பு போன தீபாவளிக்கு என்ன விலை, இன்று என்ன விலை, நடுவில் ஏன் மாறியது?" என்று யாராவது கேட்டதுண்டா? வணிகவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளையும் விழிக்கத்தான் செய்யும். பேரேடு எழுதத் தெரியும், ஐந்தொகை போடத் தெரியும். ஒரு மூட்டைப் பருப்பு எங்கே விளைந்து, யார் யார் கை மாறி, எந்த வரி கட்டி நம் கடைக்கு வந்தது என்பது தெரியாது.

தெரியாததற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. துவரை நம் நாட்டில் விளைவது போதாமல் மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறோம்? வெங்காயம் விலை ஏறினால் ஊர் முழுவதும் "பதுக்கிவிட்டார்கள்" என்கிறது. சினிமாவில் மளிகைக் கடைக்காரர் என்றால் எடையில் குறைப்பவர், பருப்பில் கல் கலப்பவர். இந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய தலைமுறை நம் வீட்டிலேயே வளர்கிறது. அதற்கு நாம் கொடுப்பது எவர்சில்வர் பாத்திரம்.

ஆகவே ஒரு யோசனையை அன்பர்கள் முன் வைக்கிறோம். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் சங்கங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு நினைவுக் கட்டுரைப் போட்டி நடத்த வேண்டும். பொருள், பொருளாதாரமும் வணிகச் சுதந்திரமும். மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒன்று, கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று. வணிகர் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைக்கக் கூடாது. விவசாயி வீட்டுப் பிள்ளையும், ஏலத்தோட்டக் கூலி வேலைக்கு ஜீப்பில் மலையேறும் வீட்டுப் பிள்ளையும் எழுத வேண்டும். அவர்கள் எழுதினால்தான் நமக்குத் தெரியாத சங்கதிகள் நம் காதுக்கு வரும்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. பம்பாயில் ஏ.டி. ஷ்ராஃப் என்று ஒருவர் இருந்தார். 1899இல் பிறந்த பார்சி. டாட்டா நிறுவனங்களில் இயக்குநர். நியூ இந்தியா காப்பீட்டு நிறுவனத்தின் தலைவர். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944இல், அமெரிக்காவில் பிரெட்டன்வுட்ஸ் என்ற இடத்தில் உலக நாடுகள் கூடிப் பன்னாட்டு நிதியத்துக்கும் உலக வங்கிக்கும் அடித்தளம் போட்டன. அங்கே சென்ற இந்தியக் குழுவில் ஷ்ராஃப் இருந்தார். நம் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் அதே குழுவில் இருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி 1947 நவம்பரில் முதல் பட்ஜெட்டைப் படித்தவர் அவர்தான். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. அதே ஆண்டில் ஷ்ராஃப், சுதந்திரத் தொழில் முயற்சிக்கான மன்றம் ஒன்றைப் பம்பாயில் தொடங்கினார். வழக்கறிஞர் நானி பல்கிவாலா ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் வந்தவுடன் அதைப் பொதுமேடையில் அலசிப் பேசி, கடைசியில் ஒரு விளையாட்டரங்கமே நிரம்பும் அளவுக்குக் கூட்டம் சேர்ந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சுகளும் இந்த மன்றத்தின் மேடையில் பிறந்தவையே. ஷ்ராஃப் 1965இல் காலமானார். அவர் பெயரில் நினைவு அறக்கட்டளை ஏற்பட்டு, ஆண்டுச் சொற்பொழிவும், கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டிகளும் நடந்து வந்தன.

இந்த ஷ்ராஃபைப் பற்றி நமக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. 1944இல் வெளிவந்த புகழ்பெற்ற 'பம்பாய்த் திட்டம்' எட்டுப் பேர் கையெழுத்தில் வந்தது. ஜே.ஆர்.டி. டாட்டா, பிர்லா, லாலா ஸ்ரீராம் போன்றோருடன் ஷ்ராஃபும் அதில் ஒருவர். அந்தத் திட்டம் என்ன சொன்னது? அரசாங்கம் பெரிய அளவில் முதலீடு செய்ய வேண்டும், திட்டமிட வேண்டும், உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், கட்டுப்பாடுகளும் கொஞ்ச காலம் இருக்கத்தான் வேண்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே மனிதர்தான் அரசின் கை வணிகத்தில் அளவுக்கு மீறி நீள்கிறது என்று மன்றம் வைத்தார். இடையில் நடந்ததைப் பார்த்தார், கணக்குப் போட்டார், கருத்தை மாற்றிக்கொண்டார் என்றும் சொல்லலாம். தமக்கு வேண்டியபோது அரசு வேண்டும், வேண்டாதபோது வேண்டாம் என்றார் என்றும் சொல்லலாம். இரண்டில் எது சரி என்று ஒரு மாணவரை எழுதச் சொன்னால் அதுவே நல்ல கட்டுரை.

பேச்சுப் போட்டியை விட்டுக் கட்டுரைப் போட்டியை நாம் கேட்பதற்கும் காரணம் உண்டு. நம் ஊர்களில் பேச்சுப் போட்டி என்றால் குரல் ஜெயிக்கும். "அன்பார்ந்த நடுவர் அவர்களே" என்று தொடங்கி இரண்டு குறளும் ஒரு அடுக்குமொழியும் சேர்த்தால் கைதட்டல் வந்துவிடும். லாரி வாடகை எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். கட்டுரையில் எண் வேண்டும். எழுதியது காகிதத்தில் நிற்கும், தப்பான கணக்கு தப்பாகவே நிற்கும்.

வணிகச் சுதந்திரத்துக்காகக் கட்டுரைப் பரிசு வைத்தவர்கள் இங்கிலாந்திலும் இருந்தார்கள். அங்கே 1815இல் ஒரு தானியச் சட்டம் வந்தது. உள்நாட்டுக் கோதுமை குறிப்பிட்ட விலைக்கு மேல் ஏறினால் ஒழிய வெளிநாட்டுக் கோதுமை இறங்கக் கூடாது. நிலக்கிழார்களுக்குக் கொண்டாட்டம், ஆலைத் தொழிலாளிக்கு ரொட்டி விலை. இதை எதிர்த்து மான்செஸ்டர் நகரத்து வணிகர்களும் ஆலைக்காரர்களும் ஒரு சங்கம் கண்டார்கள். விவசாயிக்கும் பண்ணைக் கூலிக்கும் இந்தச் சட்டத்தால் என்ன கேடு என்று எழுதுவோருக்குப் பரிசு என அறிவித்தார்கள். பரிசு பெற்ற மூன்று கட்டுரைகளையும் 1842இல் அச்சிட்டுப் பரப்பினார்கள். அந்த மூவரில் ஒருவர் ஜார்ஜ் ஹோப். ஸ்காட்லாந்தில் குத்தகை நிலத்தில் பயிர் செய்த விவசாயி. சட்டம் விவசாயியைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று நிலக்கிழார்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இல்லை, விலை ஏறினால் என் குத்தகைதான் ஏறுகிறது" என்று ஒரு விவசாயியே கணக்குச் சொன்னால் அதற்கு மறுப்பு ஏது? 1846இல் சட்டம் போயிற்று. கட்டுரைகளால்தான் போயிற்று என்று நாம் சொல்லவில்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிய பஞ்சமும் சேர்ந்துதான் அதைத் தள்ளியது.

ஆனால் அந்தப் போட்டியில் ஒரு குறை இருந்தது. என்ன பதில் வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். கேடு என்ன என்று கேட்டார்களே தவிர, கேடா நன்மையா என்று கேட்கவில்லை. நம் போட்டி அப்படி இருக்கக் கூடாது. ஏன் என்பதற்கு நம் பள்ளத்தாக்கிலேயே காரணம் இருக்கிறது.

2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 1ஆம் தேதி நாடு முழுவதும் வணிகர்கள் கடையடைத்தோம். சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை அனுமதிக்க மத்திய அமைச்சரவை முந்தின மாதம் எடுத்த முடிவை எதிர்த்து நடந்த கடையடைப்பு அது. வெளியார் நம் சந்தைக்குள் வரக் கூடாது என்பது அன்றைய கோஷம். அதே வாரத்தில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியது. குமுளியில் தகராறு, பிறகு கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மலைப்பாதைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. லோயர்கேம்ப் வரை ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள், தடையுத்தரவு போட்டார்கள், பஸ் ஓடவில்லை, லாரி ஏறவில்லை.

அப்போது நடந்ததை நாம் ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்தோம். இந்தப் பக்கம் காய்கறி வாங்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் காய்கறி இல்லை. தினமும் விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருந்தார்கள். பறிக்க வேண்டிய காய் செடியில் நின்றது. தோட்டம் மலைக்கு மேல், உடையவர் வீடு கம்பத்திலோ போடியிலோ, என்கிறவர்கள் தங்கள் தோட்டத்தைப் பார்க்கவே போக முடியவில்லை. குமுளிக் கடைக்காரருக்குக் கடன் கொடுத்த கம்பம் மொத்த வியாபாரி, பணம் எப்போது வரும் என்று தெரியாமல் நின்றார். கூலி வரவில்லை என்றால் உள்ளூர் மளிகைக் கடையில் சரக்கு நகராது. நோட்டுக் கணக்குதான் நீளும். தண்ணீர் உரிமைக்காக நம் மக்கள் தெருவில் இறங்கியது நியாயம். பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த அணையால்தான் இந்தப் பள்ளத்தாக்கில் நெல்லே விளைகிறது. அதில் இரண்டு கருத்து இல்லை. நாம் சொல்வது வேறு. எல்லை அடைபட்டால் என்ன நடக்கும் என்பதைப் புத்தகம் இல்லாமல் கற்றுக்கொண்ட ஊர் இது.

ஒரே மாதத்தில், வெளியார் வரக் கூடாது என்று கடையை அடைத்தோம். எல்லை திறக்கவில்லையே என்று தலையில் கை வைத்தோம். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒரு கெட்டிக்கார மாணவன் கேட்டால் நம்மிடம் பதில் இருக்கிறதா?

பதில் இருக்கிறது என்பதே நம் எண்ணம். ஆனால் அது மேடையில் நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் அல்ல. 'அந்நியன்' என்ற சொல்லில் அந்தப் பதில் இல்லை. கம்பத்து லாரி குமுளிக்கு அந்நியம்தான், குமுளிக்காரர் நமக்கு அந்நியர்தான். அவர்களோடு வியாபாரம் செய்துதான் பிழைக்கிறோம். ஆட்சேபம் எங்கே இருக்கிறது என்பதற்கு வ.உ.சி. கதையைப் பார்க்க வேண்டும். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டபோது வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. பிறகும் குறைத்தது. கடைசியில் பயணமும் இலவசம், குடையும் இலவசம் என்றதாகச் சொல்வார்கள். நஷ்டத்துக்கு ஓட்ட அதனால் முடிந்தது, நம் கம்பெனியால் முடியவில்லை. போட்டியாளர் ஒழிந்த பிறகு கட்டணம் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெருமுதலீட்டுக் கடைகள் பற்றியும், இன்று கைப்பேசியில் ஆர்டர் வாங்கிப் பத்து நிமிடத்தில் சரக்குக் கொண்டுவருவோர் பற்றியும் நமக்குள்ள நியாயமான வழக்கு இதுதான்: கொள்முதல் விலைக்கும் கீழே விற்க அவர்களுக்கு வேறொருவர் பணம் கொடுக்கிறார். 2012 செப்டம்பரில் மத்திய அரசு அந்நிய முதலீட்டுக்கு அனுமதி கொடுத்து, விரும்பாத மாநிலம் மறுக்கலாம் என்றது, தமிழ்நாடு மறுத்தது. முன்வாசலை அடைத்தோம். வாடிக்கையாளர் சட்டைப்பையில் இருந்த வாசலை யாரால் அடைக்க முடிந்தது?

இந்த வழக்குக்கும் எதிர்வழக்கு உண்டு. தள்ளுபடி விலையில் வாங்கிய குடும்பத்துக்கு மிச்சமாயிற்றே, அது கணக்கில் வராதா என்று ஒரு மாணவி எழுதுவார். வாடிக்கையாளர் பக்கம் நின்று எழுதுகிற அந்தக் கட்டுரை நன்றாக இருந்தால் அதற்கே முதல் பரிசு கொடுக்க வேண்டும். கொடுப்பதோடு, இந்த இதழிலேயே ஒரு வரி வெட்டாமல் அச்சிடவும் வேண்டும். "நம் காசைப் போட்டு நம்மைத் திட்ட விடுவதா?" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நம்மைப் புகழ்ந்து எழுதும் நாற்பது கட்டுரைகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்? பொட்டலம் மடிக்கலாம்.

நம் முரண்பாடு அந்த ஒன்றோடு முடியவில்லை. விற்பனைக் குழுவுக்குச் செலுத்தும் செஸ் வேண்டாம், இருப்புக் கட்டுப்பாடு வேண்டாம், செக்போஸ்ட் வேண்டாம் என்றால் அது வணிகச் சுதந்திரம் கேட்பது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் செக்போஸ்டுகள் எடுக்கப்பட்டபோது, மலையடிவாரத்தில் இரவெல்லாம் நின்ற லாரிகளை அறிந்தவர்கள் ஒரு பெருமூச்சு விட்டார்கள். ஆனால் இலங்கை வழியாக மிளகு வந்தால் நாமே இறக்குமதியைத் தடு என்கிறோம். இலங்கையோடு 1998இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வியட்நாம் மிளகு அங்கே இறங்கி, இலங்கைச் சரக்கு என்ற பெயரில் இங்கே வருகிறது என்று கூக்குரல் எழுந்தது. 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய்க்குக் குறைவாக மிளகை இறக்குமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு விலை கட்டியது. தோட்டக்காரருக்கு மகிழ்ச்சி. மிளகு வாங்கி மசாலாப் பொடி அரைத்து ஏற்றுமதி செய்பவருக்கும், ஐம்பது கிராம் பொட்டலம் போடும் நமக்கும் என்ன? தோட்டக்காரரும் நம் வாடிக்கையாளர்தானே, அவர் கையில் பணம் இருந்தால்தானே நமக்கு வியாபாரம்? இப்படி இரு பக்கமும் இழுக்கும் கேள்விதான் மாணவருக்கு ஏற்றது.

ஏலக்காய் இதைவிட ருசியான விஷயம். மலையில் நம் பாட்டன் காலத்தில் விளைந்த ஏலக்காய், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கடல் கடந்து மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலாவுக்குப் போனது. அந்த நாட்டு மக்கள் ஏலக்காயை அதிகம் உண்பதே கிடையாது, விளைவதெல்லாம் விற்பதற்கே. அரபு நாட்டுக் காப்பிக் கோப்பைகளை அது பிடித்துக்கொண்டது, ஏற்றுமதியில் நம்மை முந்திவிட்டது. நம் ஏலக்காய்க்கு உள்நாட்டுச் சந்தைதான் பெரிய ஆதரவு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதையும், இரண்டு மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்துக்குக் கீழே விழுந்ததையும் போடியில் தெரியாதவர் இல்லை. முந்தின ஆண்டு வெள்ளத்தாலும் பின்னர் வறட்சியாலும் விளைச்சல் விழுந்தபோது விலை ஏறியது; விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் செடி வைத்தார்கள்; காய் வந்தபோது விலை விழுந்தது. எட்டு மில்லிமீட்டர் காய், ஏழு மில்லிமீட்டர் காய் என்று தரம் பிரிக்கும் பெண்ணின் கூலி அந்த ஏழாயிரத்தில் ஏறியதா, அந்த ஆயிரத்தில் இறங்கியதா? இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. போடியில் அவர் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது.

தலைப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறோம். 'இந்தியப் பொருளாதாரத்தில் வணிகத்தின் பங்கு' என்று தலைப்புக் கொடுத்தால், இந்தக் காலத்தில் கைப்பேசியிடம் சொன்னால் அரை நிமிடத்தில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்துவிடும். நடுவரும் அதைப் படித்துத் தலையாட்டுவார். கடைக்குப் போய்க் கேட்டாலன்றி எழுத முடியாத தலைப்பு வேண்டும். 'நம் ஊர்க் கடைகளில் 26 கிலோ அரிசிப் பை எப்படி வந்தது?' என்று கேளுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பையில் அடைத்து முத்திரையிட்ட அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், உடனே ஆலைகள் ஒரு கிலோவைக் கூட்டி 26 கிலோ பை போட்டன. மூட்டையாக வாங்க வசதியுள்ள வீட்டுக்கு வரி இல்லை, ஐந்து கிலோ பை வாங்கும் வீட்டுக்கு வரி உண்டு. இந்த ஒரு பையை வைத்து வரிக் கொள்கை முழுவதையும் ஒரு பிள்ளை விளக்கிவிடலாம். சமையல் எண்ணெய் இன்னொன்று. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு 20 சதவீத அடிப்படைச் சுங்கம் வந்தது. 2025 மே இறுதியில் அது 10 ஆகக் குறைந்தது. இரவோடு இரவாக வரும் இந்த அறிவிப்புகளில், கையில் சரக்கு வைத்திருந்தவருக்கு ஒரு முறை லாபம், மறுமுறை நஷ்டம். லாபத்தைப் பதுக்கல் என்கிறார்களே, நஷ்டத்துக்கு என்ன பெயர்? வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதட்டும்.

பழைய காலத்தைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளைக்கு 1952 இருக்கிறது. போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாட்டை, முதலமைச்சராக வந்த சில மாதங்களிலேயே ராஜாஜி எடுத்தார். அதிகாரிகள் பலர் நடுங்கினார்கள், அஞ்சியபடி விலை விண்ணுக்குப் போய்விடவில்லை. பிற்காலத்தில் கட்டுப்பாடு திரும்பி வந்ததும், ஒரு மாவட்டத்து அரிசி அடுத்த மாவட்டத்துக்குப் போகப் பர்மிட் கேட்ட நாட்களும் உண்டு. அந்தப் பர்மிட் நாட்களை அறிந்த முதிய அரிசி வியாபாரிகள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒரு பேரப்பிள்ளை எழுதி வைத்தால், பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, அந்தக் காகிதம் சங்கத்தின் சொத்து.

நடத்தும் முறையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தமிழில், கையால் எழுத வேண்டும். பெயரை மறைத்து எண் போட்டு நடுவரிடம் தர வேண்டும். நடுவர்கள் மூவர் போதும்: ஒரு வணிகவியல் ஆசிரியர், ஒரு விவசாயி, நம்மில் ஒருவர். சங்க நிர்வாகிகளின் பிள்ளைகள் எழுதலாம், பரிசு வாங்கக் கூடாது. இதைச் சொல்வதால் சிலருக்கு வருத்தம் இருக்கும், இருக்கட்டும்.

யார் நினைவாக என்பதில்தான் சச்சரவு வரும் என்று எதிர்பார்க்கிறோம். நன்கொடையாளரின் பெயர் மாணவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சாகும் விழாக்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. கல்விக்காகக் கொடுத்த வணிகர் மரபு நமக்குக் குறைவில்லை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியில் நடந்த பள்ளி. தேனியில் மேலப்பேட்டை உறவின்முறை நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும், உத்தமபாளையத்தில் 1956 முதல் நடக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும், போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் சங்கமே கண்ட கல்லூரியும் நம் கண் முன்னால் நிற்கின்றன. கட்டடம் கட்டியாயிற்று. அதற்குள் படிக்கிற பிள்ளை நம் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதற்குத்தான் இப்போது பரிசு வைக்கச் சொல்கிறோம். பெயர் விஷயத்தில், ஒவ்வோர் ஆண்டும் ஒரு சங்கம் தன் ஊரில் மறைந்த ஒரு சாதாரணக் கடைக்காரரின் பெயரைச் சொல்லட்டும் என்பது நம் விருப்பம். தராசு சரியாகப் பிடித்தவர் என்று ஊரார் ஒப்புக்கொள்ளும் ஒரு பெயர் போதும்; பணம் கொடுத்தவர் பெயராக இருக்க வேண்டியதில்லை.

செலவும் பெரிதல்ல. ஆண்டு விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் தொகையில் ஒரு பகுதி போதும். மூட்டைக்கு மகமை வைத்த காலத்தில் இதைவிடப் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. மே 5ஆம் தேதி வணிகர் தினத்தன்று பள்ளிகளுக்கு விடுமுறை. ஆகவே தைப் பொங்கல் முடிந்ததும் தலைப்பு அறிவித்து, பொதுத்தேர்வுக்கு முன்பே பிப்ரவரி முதல் வாரத்துக்குள் கட்டுரைகளை வாங்கிவிட வேண்டும். முடிவை வணிகர் தின மேடையில் சொல்லலாம். பரிசாகப் பணம் கொடுங்கள், கூடவே இரண்டு நல்ல புத்தகங்களும் கொடுங்கள்.

முதல் ஆண்டுத் தலைப்பாக நாம் முன்மொழிவது: '2011 டிசம்பரில் மலைப்பாதைகள் அடைபட்டபோது எங்கள் தெருவில் யார் எவ்வளவு இழந்தார்கள், யாருக்காவது லாபம் கிடைத்ததா?' அன்று பிறந்த பிள்ளைகள் இன்று மேல்நிலைப் பள்ளி வயதை எட்டுகிறார்கள். வீட்டிலும் கடையிலும் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும். வேறு தலைப்பு வேண்டும் என்கிற சங்கங்கள் காரணத்தோடு நமக்கு எழுதலாம். வருகிற கடிதங்களை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறோம்.